மாமாவுக்கு, தம்பியின் பத்தாம் நினைவு நாளில்

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். வருகிற வியாழக்கிழமையோடு தம்பி போய் 10 வருடம் நிறைகிறது. அன்றிரவு என்ன நடந்தது, வழக்கு எந்தெந்த நீதிமன்றத்துக்குப் போய் எப்படி முடிந்தது என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பாவின் கையைப் பிடித்துப் படியேற்றியவர் நீங்கள். இதை வீட்டுக்கு வந்து சொல்லாமல், எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று வருத்தப்படுவீர்கள். ஆனால் அடக்க ஆராதனையில் சபை முழுவதும் கூடியிருந்தபோது, 'இந்தக் குடும்பம் அந்த மகனை மன்னித்துவிட்டது' என்று பிரசங்கபீடத்திலிருந்து அறிவித்தீர்கள். அது எல்லாருக்கும் கேட்டது. அதற்கு என்னுடைய பதிலும் அவர்களில் சிலருக்காவது கேட்க வேண்டும்.

பெயர்களை எழுதப் போவதில்லை. தம்பியின் சாவுக்குக் காரணமானவனுக்குத் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. அவனுடைய தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தக் கடிதத்தால் அந்தப் பெண் யாரிடமும் ஒரு சொல் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

அன்றைய பிரசங்கத்தில் நீங்கள் சொன்னவற்றில் இரண்டு என் மனதில் தங்கிவிட்டன. 1999 ஜனவரியில், ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், மிஷனரியான தன் கணவர் கிரகாம் ஸ்டெயின்சையும் 10 வயதும் 6 வயதுமான இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் மன்னித்ததைச் சொன்னீர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அடுத்ததாக, 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்பது யூதருடைய நியாயம், மன்னிப்பு நம்முடைய நியாயம் என்று சொன்னீர்கள். மாமா, 40 வருடம் பிரசங்கித்தவர் நீங்கள். அது உண்மையல்ல என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் இறையியல் நூலகத்தில், யூத மதகுருக்களான ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, பிரித்த தடமே இல்லாமல் கீழ்த்தட்டில் கிடந்தது. தம்பி போன மறுவருடம் மதிய இடைவேளைகளில் அதைப் படிக்கத் தொடங்கினேன். யூதர்களின் பழிவாங்கும் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று பார்த்து, அதிலிருந்து எனக்கு ஒரு நியாயம் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் எடுத்தேன். கிடைத்ததோ வேறு. கண்ணுக்குக் கண் என்பதற்கு அந்த ரபிமார் கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை; காயப்படுத்தியவன் ஊனம், வலி, வைத்தியம், வேலையிழப்பு, அவமானம் ஆகிய ஐந்துக்கும் ஈடு கட்ட வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். மரண தண்டனை விதிக்க 23 நீதிபதிகள் வேண்டும். கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். குற்றம் செய்யும் முன்பே அவன் எச்சரிக்கப்பட்டிருக்க வேண்டும். 7 வருடத்தில் ஒருவனைக் கொல்லும் சன்ஹெத்ரின், அதாவது யூதரின் நீதிச் சங்கம், நாசகார சன்ஹெத்ரின் என்று எழுதியிருக்கிறது. 70 வருடத்தில் ஒருவனைக் கொன்றாலும் அப்படித்தான் என்கிறார் ரபி எலெயாசார் பென் அசரியா. நாங்கள் அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவரும் ஒருக்காலும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்கிறார்கள் ரபி தர்போனும் ரபி அகிபாவும். எருசலேம் தேவாலயம் இடிந்து, உயிரை எடுக்கும் அதிகாரம் கையை விட்டுப் போன பின் சொன்னவை இவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதிகாரம் இல்லாதவர்கள் எதைக் கனவு கண்டார்கள் என்பதில் ஒரு ஜனத்தின் மனது தெரிகிறதல்லவா?

அதிகாரம் இருந்த நம்முடையவர்கள் என்ன செய்தார்கள்? மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வதற்குச் சரியாக 10 வருடம் முன்பு, 1810ல், கடையில் 5 ஷில்லிங் பெறுமானப் பொருளைத் திருடியவனுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை நீக்கலாமா என்ற கேள்வி இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு வந்தது. நீக்கக் கூடாது என்று வாக்களித்தவர்களில் கேன்டர்பரி பேராயரும் ஆறு பிஷப்புமாரும் இருந்தார்கள். அவர்களும் ஞாயிறுதோறும் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று ஜெபித்தவர்கள்தான். இஸ்ரேல் தேசம் உருவான 6 வருடத்துக்குள், 1954ல், கொலைக்கு மரண தண்டனை என்பதை நீக்கிவிட்டது. மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று கத்தோலிக்கச் சபை தன் மறைக்கல்வியில் எழுதியது 2018ல்.

மிஷ்னாவில் அந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடவில்லை. ரபன் சிமியோன் பென் கமாலியேல் என்பவர் குறுக்கிட்டு, அப்படியானால் இவர்களும் இஸ்ரவேலில் இரத்தம் சிந்துகிறவர்களைப் பெருகப் பண்ணியிருப்பார்கள் என்கிறார். முதல் இரண்டு வருடம் நான் அவருடைய ஆளாகத்தான் இருந்தேன். ஆயுள் தண்டனை என்று அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று அது போதாது என்று நினைத்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

இனி அந்த மூன்றாம் நாள். பத்து வருடமாக நீங்களும் நானும் பேசாமல் தவிர்த்து வருவது அதைத்தான்.

மழை விட்டிருந்தது. வாசலில் முருங்கை மரத்தின் கீழ் அவனுடைய அம்மா வந்து நின்றார்கள். காலில் செருப்பில்லை. உள்ளே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. வெளியே போய் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அப்பா உட்காருகிற நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். அத்தையிடம் காப்பி கொண்டுவரச் சொன்னீர்கள். அத்தை அவசரத்தில் கைக்கு வந்த டம்ளரில் கருப்பட்டிக் காப்பியை ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அது தம்பியின் டம்ளர். பத்தாம் வகுப்பில் தேறியதற்கு அம்மா பாத்திரக் கடையில் வாங்கி, புள்ளி புள்ளியாக அவன் பெயரை வெட்டிக் கொடுத்தது. விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். அந்தப் பக்கமாகத்தான் வாய் வைத்துக் குடிப்பான். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கட்டைவிரல் அந்தப் புள்ளிகளின் மேல் போய்ப் போய் வந்தது. எழுத்து வாசிக்கத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. காப்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் அடுக்களையிலிருந்து வந்து டம்ளரைப் பிடுங்கினேன். கொதிக்கிற காப்பி அவர்களுடைய மணிக்கட்டில் கொட்டியது. ஒரு சத்தமும் போடவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் புறவாசல் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். பின்னாலேயே வந்து, "அந்த அம்மா என்ன பாவம் செஞ்சா, பிள்ளே?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான், "நீங்க யாருக்கு மாமா?" என்று கேட்டேன். அதற்குமேல் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. உங்கள் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை.

அந்தச் சொல்லுக்காக இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா இறந்தபின் எங்கள் இருவரையும் வளர்த்தவரிடம் கேட்கக் கூடிய கேள்வி அல்ல அது. ஓய்வுபெற்ற அன்று உங்களுக்கு நடந்த வழியனுப்பு ஆராதனைக்கு நான் வராததற்கும் சேர்த்தே கேட்கிறேன். அந்த அம்மாவின் கையைச் சுட்டதற்கு அவர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும். ரபிமாரின் அந்த ஐந்தில் வலிக்கும் அவமானத்துக்கும் நான் அவர்களுக்குக் கடன்பட்டவள். ஆனால் டம்ளரைப் பிடுங்கியதற்காக வருந்துகிறேன் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. அவர்களுக்குக் காப்பி கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாமா? காப்பியும் கேட்காமல் கொடுத்தீர்கள், மன்னிப்பும் கேட்காமல் கொடுத்தீர்கள். மத்தியச் சிறையில் மனுப்போட்டு அவனை மாதாமாதம் போய்ப் பார்த்தீர்கள், சோப்பும் வேதாகமமும் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வருடங்களில் என்னை எத்தனை தடவை வந்து பார்த்தீர்கள் என்று எண்ணிப் பார்த்தால், நான் எண்ணாமலிருப்பதே நல்லது.

நீங்கள் எனக்குக் காட்டிய வேதத்திலிருந்தே கேட்கிறேன். சிலுவையில் 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்று சொன்னவர், ஆணியடிக்கப்பட்டவர். கல்லெறிந்தவர்களுக்காக முழங்காற்படியிட்டு வேண்டிய ஸ்தேவான், அந்தக் கல்லை வாங்கியவன். கிளாடிஸ் அம்மையார் மன்னித்தது தன் துக்கத்தை. அது அவருடையது, அவர் கொடுக்கலாம். அதற்காக நீதிமன்றம் தன் வேலையை விட்டுவிடவில்லை. முதல் குற்றவாளிக்கு 2003ல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2005ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டு, 2011ல் உச்ச நீதிமன்றத்தில் அதுவே உறுதியானது. தம்பிக்குச் செய்யப்பட்டதை மன்னிக்கத் தம்பி இல்லை. மனிதன் மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அவன் தன் அயலானைச் சமாதானப்படுத்தும் வரை, பாவநிவிர்த்தி நாளும் நிவிர்த்தி செய்யாது என்று மிஷ்னா சொல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று நம்முடைய ஆண்டவர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவரும் அந்த ஜனத்தின் பிள்ளைதானே? நாம்தான் அவரை அவருடைய வீட்டாரிடமிருந்து பிரித்துவிட்டோம்.

மன்னிக்காமல் இருப்பதும் சாகட்டும் என்று விரும்புவதும் ஒன்றல்ல என்பதை எனக்கு விளங்கவைத்தவர் யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர். 1953ல் பிராங்பர்ட்டில் ஜெர்மானியர் கையால் பரிசு வாங்கிய மேடையில், மன்னிக்க நான் யார் என்று கேட்டார். அதே மனிதர், 1962ல், யூதப் படுகொலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மனைத் தூக்கிலிடக் கூடாது என்று இஸ்ரேல் அரசிடம் வேண்டினார். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மேல்முறையீட்டில் அது கொலையல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று தண்டனை குறைந்தபோது, சட்டம் எங்களைக் கைவிட்டது என்று அப்பா அழுதார். நான் அப்போது பழைய ஏற்பாட்டின் அடைக்கலப்பட்டணங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். விறகு வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று பட்டு ஒருவன் செத்தால், வெட்டியவன் ஓடிப்போய்த் தங்க கேதேஸ், சீகேம், எபிரோன், பேசேர், ராமோத், கோலான் என்று 6 பட்டணங்கள். பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அவன் அங்கேயே இருக்க வேண்டும். அதனால் அங்கே ஓடி வந்தவர்கள் அந்த ஆசாரியன் சாகும்படி ஜெபித்துவிடக் கூடாதே என்று, பிரதான ஆசாரியர்களின் தாய்மார் அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து வந்தார்களாம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். முருங்கை மரத்தடியில் நின்ற அந்தத் தாய்தான் என் கண்முன் வந்தார்கள். ஆசாரியன் என்ன குற்றம் செய்தான், அவன் சாவை ஏன் இவர்கள் எதிர்பார்க்க வேண்டும் என்று மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத் கேட்கிறது. தன் தலைமுறைக்காக அவன் இரக்கம் கேட்டு ஜெபித்திருக்க வேண்டும், ஜெபிக்கவில்லை என்று பதில் சொல்கிறது. நீங்கள் எங்களுக்காக எவ்வளவு ஜெபித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை உங்கள்மேல் வைத்து எழுதவில்லை.

அவன் என்னிடம் வர வேண்டும் என்று மூன்று தடவை உங்கள் மூலமாகக் கேட்டுவிட்டான். சிறையிலிருந்து ஒரு கடிதம், பரோலில் வந்தபோது ஒரு தடவை, போன மாதம் ஒரு தடவை. மூன்று தடவையும் நான் பதில் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டும் இணங்காதவன்மேல் குற்றம் திரும்பிவிடும் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ் எழுதியிருக்கிறார். குற்றம் இழைக்கப்பட்டவன் இறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் அவரே சொல்கிறார்: 10 பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய் நின்று, கர்த்தருக்கும் இந்த மனிதனுக்கும் விரோதமாக இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவருடைய சட்டம் நம்மைக் கட்டாது. ஆனால் இந்த 10 வருடத்தில் என் காலுக்கடியில் மண்ணாக நின்றது இது ஒன்றுதான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அவன் வீட்டுக்கு வர வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கு வரட்டும். வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன். அடுத்த கன்வென்ஷனில் அவனைச் சாட்சி சொல்ல மேடையேற்ற நினைக்கிறீர்கள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையானால், முதலில் இங்கே சொல்லட்டும். நானும் அப்பாவும் வருவோம். நீங்களும் அத்தையும், தம்பியோடு அன்று இருந்த இரண்டு நண்பர்களும், அவனுடைய அம்மாவும் இருந்தால் ஏழு பேர் ஆகிறது. இன்னும் மூன்று பேரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை அறிவித்த அன்று பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்கட்டும். நான் அவனை மன்னித்தேன் என்று சொல்வேனா என்று தெரியாது. தம்பி சார்பில் சொல்ல மாட்டேன். அவனுடைய அம்மாவிடம் என் கடனைத் தீர்த்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மாமா. அங்கே நீங்கள் ஜெபத்தைத் தொடங்கிவிடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவன் பேசி முடிக்கட்டும்.

உங்கள் மருமகள்