கவாத்துக்குக் கொடுத்த மரம் கட்டையாகத் திரும்பி வந்தது தொடர்பாக

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
நாள்: 18 நவம்பர் 2024
இடம்: டூங்காபி, சிட்னி
பொருள்: பேப்பர்பார்க் பான்சாய் 'முதல் கவாத்து' சேவை, 375 டாலரைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

வணக்கம். ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. நான்குக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில்தான் வந்தது. உங்கள் இணையதளத்தின் அடியில் 'எந்த மொழியிலும் எழுதலாம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் ஐந்தாவதைத் தமிழில் எழுதுகிறேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதையே யாரும் படிக்கவில்லை என்பதால் எனக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

உங்கள் நர்சரியின் பான்சாய்ச் சேவையை, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்தை வெட்டி உருவம் கொடுப்பதை, உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளித் திட்டம், மரத்தை எடுத்துப் போகவும் திருப்பித் தரவும் வண்டி, குளிர்காலச் சலுகை. ஜூலை 2-ஆம் தேதி பணம் கட்டினேன். குளிரில் இந்த மரத்தில் கத்தரி வைக்கலாமா என்று அன்றே தொலைபேசியில் கேட்டேன். பேசிய அம்மா மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "இப்போது இடம் மட்டும் பிடித்து வையுங்கள், மரம் எங்கள் கண்ணாடிக் கூடத்தில் இருக்கும், செப்டம்பரில் வெயில் ஏறிய பிறகுதான் வேலை" என்றார். அதை நம்பி ஜூலை 9-இல் வண்டியில் ஏற்றி விட்டேன். ஆகஸ்ட் 15-இல், எல்லாம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். செப்டம்பர் வருவதற்குள் வேலை எப்படி முடியும்?

பெட்டியைத் திறந்தபோது நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அடிமரத்தில் பட்டை இல்லை. தேங்காய் நாரைச் சுரண்டியதுபோல வழித்து எடுத்திருந்தார்கள். அது அழுக்கு என்று நினைத்தார்களா? பேப்பர்பார்க் என்று பெயர் வந்ததே அந்தப் பட்டையால்தான். பழைய பஞ்சாங்கத்தின் தாள்போல மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்றாக, பழுப்பும் வெள்ளையும் கலந்து உரிந்து நிற்கும். விரலால் அழுத்தினால் மெத்தைபோல உள்ளே போகும். என் கன்றில் ஐந்தாவது வருடம்தான் முதல் தாள் உரியத் தொடங்கியது. காலையில் காப்பியோடு போய் அதை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன், வீட்டில் சிரிப்பார்கள். இப்போது அந்த இடத்தில் மொழுமொழுவென்று ஒரு குச்சி நிற்கிறது. இரண்டு இடத்தில் கத்தி உள்ளே இருந்த பச்சையையும் கீறியிருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்த தாள் மரத்தோடு கட்டியிருந்தது. உச்சிக் குருத்தை நிறுத்துங்கள் என்றேன். வலப்பக்கம் ஒரே கணுவிலிருந்து வந்து மோதிக்கொள்ளும் இரண்டு சிறு கிளைகளில் ஒன்றை எடுங்கள் என்றேன். கீழே நீளமாக ஓடும் கிளையை மட்டும் தொடாதீர்கள், அடிமரம் பருக்கவே இரண்டு வருடமாக அதை வெட்டாமல் ஓட விட்டிருக்கிறேன் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். உங்கள் ஆள் அந்தக் கிளையைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார். மோதும் இரண்டு கிளைகளும் இன்னும் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன, காய்ந்துபோய்.

அப்புறம் கம்பி. இந்த மரத்தின் இளந்தளிரை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், முற்றிய கிளை பட்டென்று முறியும். பட்டை மெத்தென்று இருப்பதால் கம்பி சீக்கிரம் பதிந்துவிடும். அதனால்தான் பலரும் கம்பியைக் குறைத்து, வளரவிட்டு வெட்டி, வெட்டி வளரவிட்டு உருவம் கொண்டு வருகிறார்கள். கணுவில் வெட்டினால் பக்கத்தில் துளிர் கிளம்பும், வேண்டிய திசையில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ள வேண்டியதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அடியிலிருந்து உச்சி வரை அலுமினியக் கம்பி சுற்றி, ஒரு கிளையை முறித்து, முறிந்த இடத்தில் பச்சைப் பசையைத் தடவி மறைத்திருக்கிறார்கள். வேரையும் விடவில்லை. குளிர் நடுவில் மண்ணை முழுக்க அலசிவிட்டு, மூன்று அங்குல ஆழமுள்ள தட்டில் வைத்திருக்கிறார்கள். வேரில் கை வைப்பதானால் மரம் ஓடி வளரும் வெயில் காலத்தில் வைக்க வேண்டும். ஜூலையில் வேரை அலசி, கிளையை வெட்டி, பட்டையை உரித்தால் எந்த மரம்தான் தாங்கும்?

தொட்டியில் ஒட்டிய சீட்டில் 'பாட்டில்பிரஷ்' என்று வேறொரு மரத்தின் பெயர் எழுதியிருந்தது. சில தாவரவியலாளர்கள் பாட்டில்பிரஷையும் பேப்பர்பார்க்கின் பேரினமான மெலலூக்காவோடு சேர்த்துவிட்டார்கள், அந்த வழக்கு எனக்கு வேண்டாம். என் மரம் மெலலூக்கா குவின்குவிநெர்வியா. இலைக்கு ஐந்து நரம்பு, பெயரே அதைத்தான் சொல்கிறது. 2019-இல் உங்களிடம்தான் அதைக் குட்டித் தொட்டியில் வாங்கினேன். யாரோ அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

எதை விட்டாலும் ஆகஸ்ட் 20-ஆம் தேதி தொலைபேசி எடுத்த அந்த இளைஞரை என்னால் விட முடியாது. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு அவர் வந்தார். என் பெயரை நான்கு முறை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஐந்தாவது முறை, "சரி, உங்களை மிஸ்டர் எஸ் என்று போட்டுக்கொள்கிறேன்" என்றார். போகட்டும். மரத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு சிரிப்பு. "அது ஒரு புதர், மிஸ்டர் எஸ். பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கும், இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்." அவர் பெயரைக் கேட்டேன். சொல்ல முடியாதாம். என் பெயர் நீளம் என்று வெட்டினார், தன் பெயரையோ தருவதற்கே மனமில்லை.

அவருக்கு முன்பு பேசியவர், தண்ணீர் அதிகமாகியிருக்கும் என்றார். ஐயா, சென்டெனியல் பார்க்கில் லாக்லன் சதுப்பில் போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பேப்பர்பார்க் மரங்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு குளிக்கின்றன. அதைப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது. இலையைக் கசக்கி முகர்ந்தேன், மலேசியாவில் அத்தை சளிக்குத் தேய்த்துவிடும் காயு பூத்தே எண்ணெயின் உறவு என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கோடையில் தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் நிறுத்தித்தான் நான் இதை வளர்த்தேன். சதுப்பு மரத்துக்குத் தண்ணீர் அதிகமாம்!

இன்னொருவர், உரத்தில் பாஸ்பரஸ் கூடியிருக்கும் என்றார். பாங்க்ஸியா, கிரெவில்லியா குடும்பத்துக்குத்தான் அந்தப் பயம், அவருக்கு வேறு மரம் ஞாபகம் வந்திருக்கிறது. நான்காவது மின்னஞ்சலுக்குப் பிறகு பேசியவர், என் மரத்துக்கு மிர்ட்டில் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய் முன்பே இருந்தது என்று சொல்லிவிட்டார். அந்த நோய் வந்தால் இளந்தளிரில் மஞ்சள் பொடி தூவியதுபோல இருக்கும். என் மரத்தில் ஒரு பொட்டுகூட இல்லை, ஜூலை 8-ஆம் தேதி எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். 2010-இல் இந்த நாட்டில் அந்த நோயை முதலில் கண்டுபிடித்ததே உங்கள் சென்ட்ரல் கோஸ்ட் பக்கத்தில்தான். அப்படியிருக்க, நோயுள்ள மரம் என்று தெரிந்தும் 37 நாள் உங்கள் மற்ற மரங்களோடு ஏன் வைத்திருந்தீர்கள்? இந்தக் கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும்.

கிடங்குக்கு வந்த கதையையும் கேளுங்கள். சனிக்கிழமை நான்கு மணி வரை திறந்திருக்கும், மரத்தோடு நேரில் வாருங்கள் என்று உங்கள் ஆள்தான் சொன்னார். அது செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி. கோயிலுக்குப் போகாமல், கொழுக்கட்டை வேகும் வாசனையை விட்டுவிட்டு, மரத்தை மடியில் பிடித்துக்கொள்ள மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எம்2 நெடுஞ்சாலையில் சுங்கம், நார்த்கனெக்ஸ் சுரங்கத்தில் சுங்கம், எம்1 நெடுஞ்சாலையில் விபத்து நெரிசல். போய்ச் சேர்ந்தால் கதவில் பூட்டு. 'அக்டோபர் முதல்தான் சனிக்கிழமை சேவை' என்று ஒரு அட்டை தொங்குகிறது. உள்ளே ஒருவர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கம்பி வேலி வழியாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார், காதில் மாட்டியிருந்த கருவியைத் தட்டிக் காட்டினார், உள்ளே போய்விட்டார். அவர்தான் அந்தத் தொலைபேசி இளைஞரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். திரும்பி வரும்போது இரண்டு சுங்கத்துக்கும் மறுபடி கட்டினேன். விநாயகரே அன்றைக்கு என்னைக் கைவிட்டார் என்றால் நீங்கள் எம்மாத்திரம்.

உத்தரவாதம் 30 நாள், அது முடிந்துவிட்டது என்கிறீர்கள். பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுகிறீர்களாம். ஜூலை 2-இலிருந்து எண்ணினால் மரம் என் கைக்கு வந்தது 44-ஆம் நாள். அதாவது மரம் உங்கள் கூடத்தில் இருக்கும்போதே என் உத்தரவாதம் செத்துவிட்டது. இப்படி ஒரு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நஷ்டத்தைச் சொல்கிறேன். சேவைக்கும் வண்டிக்கும் 375 டாலர். சுங்கமும் பெட்ரோலும் தனி. ஐந்து வருடம் தினமும் நான் ஊற்றிய தண்ணீருக்கும் பார்த்த வேலைக்கும் ஒரு நாளைக்கு ஒரு டாலர் வைத்தாலே 1,825 ஆகிறது. கான்பெராவில் தேசிய மரப்பூங்காவின் பான்சாய் தொகுப்பைப் பார்த்திருக்கிறேன். இன்னும் முப்பது வருடம் விட்டிருந்தால் என் மரமும் அந்த வரிசையில் நின்றிருக்கும். அதற்கு எவ்வளவு போடுவது என்று நீங்களே சொல்லுங்கள். என் மனைவி இதைப் படித்துவிட்டு, "375-ஐ மட்டும் கேளுங்கள், மீதியைக் கேட்டால் சிரிப்பார்கள்" என்கிறாள். சரி, இப்போதைக்கு 375-ஐத் தாருங்கள்.

உங்களோடு சண்டை போடும் ஆசை எனக்கு இல்லை. நல்ல நர்சரி என்றுதான் நான்கு பேருக்குச் சொல்லி அனுப்பினேன், அதில் இரண்டு பேர் வாங்கவும் செய்தார்கள். ஆனால் ஒரு சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம். உங்கள் 30 நாள் நிபந்தனையால் அதை அழிக்க முடியாது. நவம்பர் 29-க்குள் பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் புகாரைக் கவனிக்கும் அரசு அலுவலகமான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் போகும். அங்கேயும் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவேன். மரத்தையும் தூக்கிக்கொண்டு வருவேன், வழக்கைக் கேட்கும் தீர்ப்பாய உறுப்பினர் முன்னால் மேஜையில் வைப்பேன். உரித்த தோலும் என்னிடம்தான் இருக்கிறது, உங்கள் ஆட்கள் பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்த இளைஞரை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. என் முழுப் பெயரையும் ஒரு முறை சொல்லி, இரண்டு வரி மன்னிப்பு எழுதச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் சலுகை கிடையாது.

இப்படிக்கு,
ஆர்டர் எண் 4471-இன் வாடிக்கையாளர்
(பெயர் உங்கள் கணினியில் முழு நீளத்துக்கு இருக்க வேண்டும்)

பி.கு.: மரம் முழுக்கச் செத்துவிட்டது என்று மூன்றாவது மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். போன வாரம் தூருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இரண்டு துளிர் வந்திருக்கிறது. இதனால் 375-இல் ஒரு டாலரும் குறையாது. மரத்தைச் சோதிக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் புதன்கிழமை வேண்டாம், அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். வருகிறவர் கத்தரி, கம்பி, கத்தி எதையும் எடுத்து வரக்கூடாது.