செயலாளரின் ஆண்டறிக்கை - 2019

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன். குடியரசு நாள், சுதந்திர நாள் கொடியேற்றங்கள் வழக்கம்போல் நடந்தன. எரியாமல் கிடந்த தெருவிளக்குகள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்றபடி, வில்லிவாக்கத்தில் நம் நான்கு தெருக்களுக்காகச் சங்கம் இந்த ஆண்டு பார்த்த வேலை தண்ணீர் வேலைதான்.

முதலில் நம் பக்கத்துத் தவறைப் பதிவு செய்கிறேன். 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிறைந்தால் 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அவை பெரும்பாலும் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அதன் பிறகு பெரும்பாலும் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் சென்னையின் கோடை எப்படி இருக்கும் என்பது மார்கழியிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த மார்கழியில் நம் செயற்குழு கோலப் போட்டிக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. மார்ச்சில் அரசு 24 மாவட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்த செய்தி வந்தபோதும், அது விவசாயிகளுக்கானது என்று கடந்துபோனோம்.

வறட்சி நிவாரணம் என்றாலே பயிருக்குக் கொடுக்கும் பணம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்ற அறிவிப்புதான் மனதில் நின்றது. ஆனால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைகளில், கிராமத்திலும் நகரத்திலும் அவசரக் குடிநீர் வழங்குவதும் ஒரு செலவினமாக இருக்கிறது. அந்த நிதியில் பெரும்பங்கு மத்திய அரசுடையது, மீதி மாநில அரசுடையது. அது சங்கத்தின் கணக்கில் பணமாக வந்து விழாது. லாரி நடையாகவும் தெருமுனைத் தொட்டியாகவும்தான் மக்களிடம் வந்து சேரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவே எனக்கு மே மாதம் ஆகிவிட்டது.

ஜூன் மாதத்தை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 கோடி லிட்டர் தேவைப்படும் நகரத்துக்கு 52.5 கோடி லிட்டர்தான் கிடைத்தது. அதையும் வீராணம் ஏரியிலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும், சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்தும் திரட்டிக் கொடுத்தார்கள். நம் தெருக்களில் போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) ஒவ்வொன்றாகக் காற்றை இழுக்கத் தொடங்கின. பெண்கள் விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தோடு எழுந்தார்கள். தனியார் லாரிக்காரர்கள் சொன்னதுதான் விலை என்றானது.

தண்ணீர் கேட்டு அதிகாரிகளுக்கு நாம் கொடுத்த முதல் மனு பலிக்கவில்லை. ‘எங்கள் பகுதியில் கடும் குடிநீர்த் தட்டுப்பாடு, ஆவன செய்யவும்’ என்று எழுதியிருந்தோம். அதே வாசகத்தோடு அந்த வாரம் எத்தனை மனுக்கள் போயிருக்கும்! இரண்டாவது மனுவை எழுதும் முன் மகளிர் உறுப்பினர்கள் வீடு வீடாகப் போனார்கள். எந்த வீட்டில் சம்ப் (தரைக்கீழ்த் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், எந்தச் சந்தில் பெரிய லாரி திரும்பாது, தொட்டி வைக்க எங்கே இடம் இருக்கிறது என்று குறித்து வந்தார்கள். அந்தப் பட்டியலும் கையால் வரைந்த ஒரு வரைபடமும் மனுவோடு போயின. பத்து நாளுக்குள் மூன்றாம் தெரு முனையில் கறுப்புத் தொட்டி வந்து இறங்கியது. இந்த ஆண்டில் சங்கம் செய்த மிகச் சிறந்த வேலை அந்தப் பட்டியல் என்று நான் நம்புகிறேன்.

தொட்டி வந்த பிறகும் சிக்கல் இருந்தது. சம்ப் உள்ள வீடுகளுக்கு அருகில்தான் அது வைக்கப்பட்டது. ஒற்றை அறை வாடகைக் குடும்பங்கள் சந்தின் கோடியிலிருந்து குடம் தூக்கி வந்தன. இரண்டு முறை பேசி அதைச் சந்து முனைக்கு மாற்றினோம். வீட்டுக்கு இத்தனை குடம் என்று டோக்கன் முறை கொண்டுவந்ததில் மனத்தாங்கல்கள் ஏற்பட்டன, மறுக்கவில்லை. வாடகைக்கு இருப்போர் சங்க உறுப்பினர் இல்லையே என்று சிலர் கேட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று தலைவர் அன்றே உறுதியாகச் சொன்னார். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்களுக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தண்ணீர் தூக்கிக் கொடுத்த இளைஞர்களை இந்தப் பொதுக்குழு கைதட்டிப் பாராட்ட வேண்டும்.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்கள் கொண்ட ரயிலில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் நம் வில்லிவாக்கத்துக்கே வந்து சேர்ந்தது. அரசு இதற்கு 65 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. இங்கே இறங்கிய தண்ணீர் குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனதால், நமக்கு நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் பலருக்கு. சுத்திகரித்துத்தானே எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க முடியும்? ஒரு நாள் பற்றாக்குறைக்கு முன்னால் அந்த 25 லட்சம் லிட்டர் எவ்வளவு சிறியது என்பதுதான் என்னை உறுத்தியது. அக்டோபரில் அந்த ரயில் நிறுத்தப்பட்டது.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆகஸ்டில் நாம் போய்ப் பார்த்தபோது பல வீடுகளில் உறிஞ்சுகுழி மண்மூடிக் கிடந்தது. சிலவற்றில் மாடிக் குழாய் நேரே சாக்கடையில் இறங்கியது. சங்கச் செலவில் ஆள் வைத்துத் தூர்வாரினோம். கார்த்திகை மழைக்குப் பிறகு நான்காம் தெருவில் வறண்டிருந்த இரண்டு போர்களில் மீண்டும் தண்ணீர் ஏறியிருக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஜனவரி முதல் வாரத்திலும் நான்கு ஏரிகளின் இருப்பைப் பார்த்து, கோடைக்கான தண்ணீர்த் திட்டத்தைச் செயற்குழு எழுத வேண்டும். இரண்டு, வீட்டுப் பட்டியலை வாடகைக் குடும்பங்களையும் சேர்த்து ஆண்டுதோறும் புதுப்பித்து, வார்டு அலுவலகத்தில் பிப்ரவரிக்குள் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். மூன்று, உறிஞ்சுகுழி தூர்வாருவதற்கென்று சந்தாவில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும். பழைய பட்டியல் மேசை மேல் இருக்கிறது. போகும் முன் உங்கள் வீட்டு விவரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

நன்றி.

செயலாளர்