சேஃப் சீட்டா, யார் சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம். சேஃப் சீட்டுன்னு, அதாவது ஒரே கட்சி எப்பவும் நிச்சயமா ஜெயிக்கிற தொகுதின்னு ஒண்ணு இருக்குன்னு நம்புறவங்க இங்கிலாந்துல சவுத் வெஸ்ட் நார்ஃபோக் தொகுதிய ஒரு தடவ பாக்கணும் சார், 1964ல லேபர் கட்சி கிட்டேருந்து புடுங்குன கன்சர்வேட்டிவ் கட்சி அறுபது வருஷம் விடவே இல்ல, 2019ல அந்தக் கட்சி வேட்பாளர் லிஸ் டிரஸ் ஜெயிச்சது 26,195 ஓட்டு வித்தியாசத்துல. அப்புறம் அவங்க ஏழே வாரம் பிரதமர். 2024ல அதே தொகுதில வெறும் 630 ஓட்டுல அவுட்! ஜெயிச்ச லேபர்காரர் டெர்ரி ஜெர்மி வாங்குனதே 11,847 தான், நூத்துக்கு 27 கூட தேறல, ரிஃபார்ம் கட்சி 9,958, சுயேச்சையா நின்ன ஜேம்ஸ் பேக் 6,282ன்னு பங்கு போட்டுட்டாங்க. ரிசல்ட் மேடைக்கு டிரஸ் லேட்டா வந்தப்போ கூட்டம் மெதுமெதுவா கைதட்டுச்சு பாருங்க, அது பாராட்டுக் கைதட்டல் இல்ல.

- ஒரு வாசகன்