அரிசியில் வண்டு

அன்புள்ள ரவிக்கு,

சித்தி உன் வீட்டுக்கு வந்து போனதைச் சொன்னாள். பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய 25 கிலோ மூட்டை கட்டுகூட அவிழ்க்காமல் மூலையில் இருக்கிறதாம், சாக்கின் மேலே வண்டு ஊர்கிறதாம். அந்த வண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

தாய் வண்டு அரிசியில் துளை போட்டு, உள்ளே முட்டையை வைத்து, பசை மாதிரி ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு மாதம் போல் கழித்துத்தான் வண்டாக வெளியே வரும். அதுவரை அரிசி பார்க்க முழுசாகவே இருக்கும். தினம் உழக்கு போட்டு அள்ளுகிற வீட்டில் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். கை படாத மூட்டையில்தான் இப்படிப் பெருகும்.

கொட்டிவிடாதே. சலித்துப் புடைத்து, நிழலில் பரப்பி வை. சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கும். உள்ளே முட்டை இருக்கும், அதனால் ஒரு மாதம் வரை பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி சலி. அப்புறம் ஈரமில்லாத டப்பாவில் வசம்பு போட்டு மூடு. கடையில் வண்டுக்கு மாத்திரை கொடுத்தால் வாங்காதே. அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொன்றுவிடும், முறிவு மருந்தும் கிடையாது. அந்த மாத்திரை மட்டும் வேண்டாம்.

கவிதா நன்றாகப் புடைப்பாள். அவளிடமே சொல்லியிருப்பேன், நான் போன் போட்ட மூன்று தடவையும் அவள் குளிக்கிறாள் என்றாய். நீ வீடு வாங்கியதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சரி, விடு.

அப்பாவின் விதைநெல்லை விற்றுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கி, மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்து, மீதியைப் பெருக்கி வைத்த மாப்பிள்ளைச் சம்பா. ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, கடக்கென்று ஒடிந்தால்தான் உள்ளே கொட்டுவார். அவர் போனபின் எட்டு மாதம் நான் அந்தப் பத்தாயத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது அந்துப்பூச்சி பறந்து முகத்தில் மோதியது. கையை விட்டால் வெறும் கூடு. யாருக்கும் தெரியாமல் வாரிக் குப்பையில் போட்டேன். அந்த எட்டு மாதமும் நீ போனில் கேட்டபோதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறேன். அதுவரை மூட்டையை அப்படியே விட்டுவை, முறம் நான் கொண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வந்தால் போதும்.

அம்மா