ஒப்பந்தத்தைத் தமிழிலும் தாருங்கள்: சுற்றுலா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

போன கிழமை யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் நீங்கள் கூட்டிய தொழில் கூட்டாளர் சந்திப்புக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசை, வாசலுக்குப் பக்கத்தில். நல்லூரில் என் வீட்டின் நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகிறேன் என்று சொல்லி, எழும்பி ஒரு கேள்வி கேட்டேன். தேநீருக்குப் பிறகு கதைப்போம் என்றீர்கள். தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது, நீங்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள்.

கேள்வி சின்னது. அங்கே மேசை போட்டு இருந்த சுற்றுலா நிறுவனங்கள் எங்களிடம் நீட்டும் ஒப்பந்தம் ஏன் தமிழில் இல்லை?

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததையும், 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்ததையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டும் நின்று நின்றுதான் ஓடின, ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். என்னிடம் படுக்க இடம் இருக்கிறது, சமைக்கக் கை இருக்கிறது. வாகனம் இல்லை, வெளிநாட்டில் ஆள் பிடிக்க வழியும் இல்லை. அதற்குத்தான் கூட்டாளி தேடினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல ஒரு சந்திப்பில்தான் ஓர் ஏஜென்சி அறிமுகமானது. பதினெட்டுப் பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். கொண்டுவந்த தம்பி நல்ல பிள்ளை. “எல்லாம் வழமையான விஷயம்தான் அன்ரி” என்றார். மகள் கொழும்பில் படிக்கிறாள், வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. 20 வீதம் கொமிஷன் என்பது மட்டும் விளங்கியது. கையெழுத்து வைத்தேன்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். வருடம் முழுக்கச் செலவுக்கு நாங்கள் பார்த்திருப்பது அந்த நாட்களைத்தான். கடைசிப் பத்து நாளுக்கு நான்கு அறைகளையும் தங்கள் குழுவுக்கு ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள் ஏஜென்சிக்காரர். கடன் எடுத்து இரண்டு அறைக்கு ஏசி பூட்டினேன். கொடியேறிய பிறகு கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று இடம் கேட்டது. இல்லை என்றேன். அந்த அம்மா எட்டி என் வளவுக் கிணற்றைப் பார்த்தார். “ஒரு வாளி அள்ளட்டே?” என்று கேட்டு, அள்ளி, முகம் கழுவிவிட்டுப் போனார். அப்படி ஐந்து குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். நம்பர் வாங்கி வைக்கிற புத்தி அப்போது இல்லை.

குழு வர வேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி: வரவில்லையாம். நட்டஈடு கேட்டேன். பதினோராம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். விருந்தினர் வந்து இறங்குமுன் எந்நேரம் ரத்துச் செய்தாலும் அவர்கள் ஒரு சதமும் தரத் தேவையில்லை. ஒதுக்கிய அறையை நான் வேறு ஆளுக்குக் கொடுத்தால் தண்டம் கட்ட வேண்டியது நான். தேரன்று தெரு நிறையச் சனம், என் வீட்டில் நான்கு வெறும் கட்டில்.

இதைத் தமிழில் வாசித்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பேனா?

கூட்டாளி என்றால் எனக்கு நெடுந்தீவில் ஒருவர் இருக்கிறார். குறிகட்டுவானில் விருந்தினரைப் படகேற்றிவிட்டு கோல் எடுப்பேன். அந்தப் பக்கம் இறங்குதுறையில் நிற்பார். குதிரைகள், பவளக்கல் மதில்கள், பெருக்கமரம் எல்லாம் காட்டி, மத்தியானம் மீன்குழம்பும் சோறும் கொடுத்துத் திருப்பி ஏற்றிவிடுவார். காற்றுக் கூடிய நாளில் விடியவே போன் வரும்: “அக்கா, இண்டைக்கு ஆக்களை அனுப்பாதேங்கோ.” எங்களுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எல்லோரோடும் அப்படி நடக்காது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு விளங்குகிற காகிதம் கேட்கிறேன்.

உங்கள் மண்டபத்துத் திரையில் அதே நெடுந்தீவுக் குதிரைகள் ஓடின, வடிவாகத்தான் இருந்தது. நெடுந்தீவிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டிருந்தால் இன்னும் வடிவாக இருந்திருக்கும். தெற்கிலிருந்து வரும் பஸ்களில் எத்தனையோ நேரே நயினாதீவுப் படகுக்குப் போய், வந்த வழியே திரும்புகின்றன. ஒரு நேரச் சாப்பாட்டுக்குக்கூட எங்களை யாரும் கேட்பதில்லை. பதாகையில் ‘கூட்டாண்மை’ என்று பெரிதாக எழுதியிருந்தீர்கள், அதிலும் ஒரு எழுத்துப் பிழை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்பீர்கள். சரி. ஆனால் அவர்களுக்கு மேசை போட்டுக் கொடுத்தது நீங்கள் அல்லவா?

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். தாழ்மையாகக் கேட்பது இதுதான். அடுத்த சந்திப்பில் மேசை கேட்கும் எந்த நிறுவனமும் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியை முதலில் உங்களிடம் தர வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். ரத்துச் செய்தால் யார் எவ்வளவு தருவது, எங்கள் காசு எத்தனை நாளில் வரும், இந்த இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

போன கிழமை உங்கள் மண்டபத்தில் எனக்குத் தந்த புதிய ஒப்பந்தம் ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. இது பதினாறு பக்கம். தமிழ்ப் பிரதி வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

இங்ஙனம்,
நான்கு அறை வீட்டுக்காரி,
நல்லூர்