பாந்தியன் சாலை: மன்னரின் பெயரன்று, ஒரு கேளிக்கை மாளிகையின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் தெருப் பெயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எழும்பூர் பாந்தியன் சாலையைப் பற்றிய பகுதியில், பாண்டிய மன்னர் ஒருவரின் நினைவாக இடப்பட்ட பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்திருக்கலாம் என்று ஒரு கருத்தும், ரோமாபுரியிலுள்ள பழங்கோயிலின் பெயர் அது என்று மற்றொரு கருத்தும் தரப்பட்டிருந்தன. முதல் கருத்து பிழையானது. இரண்டாவது பாதி உண்மை. விருந்தும் மதுவும் நடனமும் நாடகமுமாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நடந்துவந்த ஒரு கேளிக்கை மாளிகையின் பெயரைத்தான் அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

இதை எழுத எனக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். பணியில் சேர்ந்த புதிதில் மாணவிகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் வரிசையில் நின்ற ஒரு சிறுமி பெயர்ப் பலகையைக் காட்டி, "டீச்சர், பாந்தியன்னா யாரு?" என்று கேட்டாள். "பாண்டியன்தான் அப்படி மாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்ன அந்த விடை பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. அதே விடையை அச்சில் கண்டதும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அந்த மாளிகையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு சென்னப்பட்டணத்தில் ஐரோப்பியர்கள் எங்கே கூடினார்கள் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக் குடியேறிய காலத்திலேயே மது விற்கும் வீடுகளும் தோன்றிவிட்டன. அவற்றால் விளைந்த சச்சரவுகளைக் கட்டுப்படுத்த 1670களில் ஆளுநர் லாங்ஹார்ன் பிறப்பித்த விதி ஒன்று படிக்கத் தக்கது. ஒருவர் ஒரு வேளையில் ஏறத்தாழ கால் லிட்டர் சாராயம் அல்லது பிராந்தியும், ஏறத்தாழ ஒரு லிட்டர் திராட்சை மதுவும் மட்டுமே குடிக்கலாம். மீறினால் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரருக்கு வராகன் என்னும் பொற்காசு ஒன்றும், குடித்தவர் ஒவ்வொருவருக்கும் 'பணம்' எனப்பட்ட சிறு நாணயம் 12உம் அபராதம். அளவு மீறாமை என்று அன்றைய அரசு எதைக் கருதியது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இத்தகைய விடுதியைச் 'சாராயக்கடை' என்று நாம் மொழிபெயர்த்துவிட்டால் அதன் முழு வடிவம் நமக்குப் பிடிபடாது. சாப்பாடு, தங்குமிடம், கப்பல் கொண்டுவந்த செய்தி, ஏலம், வழக்கு, வம்பு ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. காலப்போக்கில் இவற்றுள் மதிப்பு வாய்ந்தவை தனித்தனிக் கட்டடங்களைத் தேடிக்கொண்டன. கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் 1795இல் நிறைவுற்றது. அதன் மாடியிலிருந்த நீண்ட மண்டபம், வணிகர்கள் கூடிப் பேசும் இடமாகவும், பொதுக்கூட்டங்களும் லாட்டரிக் குலுக்கலும் நடக்கும் இடமாகவும், அவ்வப்போது கேளிக்கை அரங்காகவும் பயன்பட்டது. மறு ஆண்டே அதன் உச்சியில் எண்ணெய் விளக்குகளை ஏற்றிக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினார்கள். கீழே ஊர்க்கதையும் மேலே கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சமுமாக ஒரே கட்டடம் இருந்த காட்சியை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எழும்பூர் மாளிகையின் கதை சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது. 1778இல் ஹால் பிளமர் என்பவருக்கு எழும்பூரில் 43 ஏக்கர் நிலத்தைக் கம்பெனி அரசு வழங்கியது. அவர் கம்பெனியின் குடியியல் பணியாளர். பொதுப்பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவரும்கூட. அவர் அங்கே வீடும் தோட்டமும் அமைத்து, 1793இல் அந்த இடத்தை 24 பேர் கொண்ட குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். நகரின் பொதுக் கேளிக்கைகளை ஒழுங்குபடுத்துவதே அந்தக் குழுவின் வேலை. கூத்து, நடனம், விருந்து எப்போது நடக்கும், யார் வரலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்க 24 பேர் அமர்ந்து ஆலோசித்திருக்கிறார்கள் என்பது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இத்தகைய கூடல் மண்டபங்கள் இருந்தன. நடனத்துக்கு ஒரு பெரிய கூடமும், சீட்டாட்டத்துக்கும் இரவு விருந்துக்கும் வேறு அறைகளும் வைத்து, சந்தா செலுத்தியவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும் முறை அங்கே வேரூன்றியிருந்தது. ஆறு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு இங்கே இறங்கியவர்கள் தங்கள் ஊரின் வழக்கத்தை அப்படியே நட்டுவைத்தார்கள்.

பெயரும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 'பாந்தியன்' என்ற கிரேக்கச் சொல் எல்லாக் கடவுளருக்கும் உரிய கோயில் என்று பொருள்படும். ரோமாபுரியில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் அந்தக் கோயிலைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவிமாடத்தைப் பின்பற்றி லண்டனின் ஆக்ஸ்போர்டு தெருவில் 1772இல் ஒரு கேளிக்கை மாளிகை திறக்கப்பட்டது; அதற்கும் பாந்தியன் என்றே பெயர். உருமறைப்பு நடனங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் புகழ்பெற்ற அந்த மாளிகை 1792இல் தீக்கிரையானது. சென்னையில் கூடல் மண்டபம் அமைத்தவர்களின் மனத்தில் இருந்தது ரோமானியக் கோயிலைவிட லண்டன் மாளிகையாகவே இருக்கும் என்பது என் கருத்து. ரோமாபுரியின் கோயிலை நேரில் கண்டவர்கள் அவர்களில் சிலரே இருந்திருப்பார்கள். லண்டன் மாளிகையைப் பற்றிக் கேள்விப்படாதவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

இந்த மாளிகை நம்மவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. மேனாக்களையும் பல்லக்குகளையும் தூக்கிவந்தவர்கள் விடியும்வரை வெளியே மரத்தடியில் காத்திருந்திருப்பார்கள். பங்கா இழுத்தவர், விருந்து சமைத்தவர், விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் எல்லோரும் இந்த மண்ணின் மக்கள்தாம். பிளமரின் பெயர் ஆவணத்தில் நிற்கிறது; அவர்களுள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம். அதே காலத்தில் நகரின் மற்றொரு பக்கத்தில் வேறொரு கேளிக்கை உலகம் இருந்தது. 1800ஆம் ஆண்டை ஒட்டி வடமொழியில் இயற்றப்பட்ட 'சர்வதேவ விலாசம்' என்ற நூல், இரு நண்பர்கள் சென்னப்பட்டணத்துச் செல்வர்களின் தோட்டங்களையும் கோயில்களையும் சுற்றிவந்து, அங்கே கூடிய புலவர்களையும் இசைவாணர்களையும் ஆடல் மகளிரையும் கண்டு பேசுவதாக அமைந்தது. எழும்பூர் மாளிகையில் பிடில் ஒலித்த இரவுகளில் ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் வணிகத் தரகர்களாகவும் இருந்த துபாஷிகளின் தோட்ட வீடுகளில் சதிராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டுவிட்டால் இந்த நகரத்தின் இரவுகளில் பாதியை மறந்தவர்களாவோம்.

மாளிகையின் பெருமை நீண்ட நாள் நிலைக்கவில்லை. ராபர்ட் கிளைவின் மகனான இரண்டாம் கிளைவ் ஆளுநராக இருந்தபோது ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்த விருந்து மண்டபம் 1802இல் அரசினர் தோட்டத்தில் எழுந்தது. அதுதான் இன்றைய ராஜாஜி மண்டபம். தலைவர்களின் உடலுக்கு இறுதி மரியாதை செலுத்த வரிசையில் நின்ற படிக்கட்டாகவே நம்மில் பெரும்பாலோர் அதை அறிவோம். அது கட்டப்பட்டதோ நடனத்துக்கும் விருந்துக்கும்தான். ஆளுநரே பெரிய மண்டபத்தில் விருந்து வைக்கத் தொடங்கிய பிறகு, சந்தாவில் நடந்த எழும்பூர் மாளிகைக்கு முன்போல வரவேற்பு இருந்திருக்காது. 1821இல் மாளிகையும் நடுத்தோட்டமும் மூராட் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்கப்பட்டன. 1830இல் அரசு அவரிடமிருந்து அவற்றை 28,000 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. முதலில் அங்கே ஆட்சியரின் கச்சேரி இயங்கியது. பாட்டுக் கச்சேரிக்கு வழங்கும் சொல்லே அலுவலகத்துக்கும் வழங்குகிற நம் மொழியில், இந்த மாற்றத்தைச் சொல்லச் சொல் மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை.

அடுத்த மாற்றம்தான் எனக்கு மிகவும் நெருக்கமானது. 1851இல் கல்லூரிச் சாலையிலிருந்த கோட்டைக் கல்லூரி வளாகத்தில், மருத்துவர் எட்வர்டு பால்ஃபோரின் பொறுப்பில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. இடம் போதாமல் 1854இல் அது எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு வந்தது. 1855இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். அவை சில ஆண்டுகளில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டு, 1985இல் வண்டலூருக்குச் சென்றன. கல்லூரியில் பிறந்ததாலோ என்னவோ, சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சியகத்தை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். என் பாட்டி கடைசிவரை மியூசியம் என்று சொன்னதில்லை. "செத்த காலேஜுக்குப் போய் திமிங்கல எலும்பைப் பாத்துட்டு வா" என்றுதான் எங்களை அனுப்புவார். 24 பேர் கூடி யார் வரலாம் என்று முடிவு செய்த இடத்துக்கு, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தம் இளமையில் வில்லிவாக்கத்திலிருந்து நடந்தே வந்து போயிருக்கிறார். எந்த வாசலிலும் அவரை யாரும் நிறுத்தவில்லை.

கேளிக்கையும் அந்த வளாகத்தை முற்றிலும் விட்டுப் போய்விடவில்லை. கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்ட அதே 1896ஆம் ஆண்டைச் சேர்ந்தது மியூசியம் தியேட்டர். விரிவுரைகளுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கில் இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாக உயர்ந்து செல்லும். மேல்வரிசையில் அமர்ந்தால் மேடையில் இருப்பவரை ஒரு கிணற்றின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். என் மாணவிகள் ஒருமுறை அங்கே நாடகம் போட்டபோது, ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. நாங்கள் பதறினோம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல், கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒரு சொல்கூடச் சிதறாமல் கேட்டது. 43 ஏக்கராக இருந்த நிலம் இன்று ஏறத்தாழ 16 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. ஆயினும் நூறாண்டு இடைவெளிக்குள் அதே மண்ணில் மீண்டும் நாடகம் தொடங்கியது எனக்கு நிறைவளிக்கிறது. அக்காலத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும், 1891இல் தொடங்கி, விக்டோரியா மண்டபத்தில் தமிழ் நாடகங்களை மேடையேற்றியது. கேளிக்கையை ஒழுங்குபடுத்தும் உரிமை அப்போது நம்மவர் கைக்கும் வந்திருந்தது.

மதுவும் ஆட்டமும் நடந்த இடம் என்று சொன்னால் சாலையின் மதிப்புக் குறையும் என்று நினைத்துப் பாண்டியர் பெயரை ஒட்டவைப்பவர்கள் உண்டு. அவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் பாண்டியர்க்குரிய பெருமையை மதுரையும் கொற்கையும் தந்துகொண்டிருக்கின்றன. எழும்பூரில் ஒரு பொய்க்கதை அவர்களுக்குத் தேவையில்லை. காலனியக் காலத்துப் பெயர் என்பதால் அதை மாற்றிவிட வேண்டும் என்று கூறுவோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெயர் போய்விட்டால், பூட்டிய கதவுக்குள் நடந்த கேளிக்கை எல்லோருக்கும் திறந்த அருங்காட்சியகமாக மாறிய வரலாற்றுக்கு அந்தத் தெருவில் மிஞ்சும் அடையாளங்களுள் ஒன்று போய்விடும்.

ஆகவே தங்கள் நாளிதழில் உரிய திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். 'செத்த காலேஜ்' நினைவுகளை வைத்திருக்கும் மூத்த வாசகர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அவற்றைக் கேட்டு வாங்கி வெளியிடலாம். சாலைப் பெயர்ப் பலகைகளை மாநகராட்சி அடுத்த முறை புதுப்பிக்கும்போது பெயருக்குக் கீழே விளக்கமும் சேர்க்க முன்வந்தால், என் சிற்றறிவுக்கு எட்டிய வாசகம் இது: "பாந்தியன் சாலை. 1793 முதல் இங்கே ஐரோப்பியரின் கேளிக்கை மாளிகையாக இருந்த பாந்தியனின் பெயர். 1854 முதல் அவ்விடம் அரசு அருங்காட்சியகம்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புரசைவாக்கம், சென்னை.