பயோடேட்டாவ படிக்கிறது போன்ல, அடிக்கிறது மட்டும் ஏன் ஏ4 பேப்பருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டையில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன் சார், 14 வருஷமா ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் போடறது, பயோடேட்டா டைப் பண்ணி தர்றதுன்னு இதுதான் பொழப்பு. உங்க பேப்பர் தினமும் கடைக்கு வருது, அதுல வர்ற வேலைவாய்ப்பு விளம்பரத்தை வெட்டி வாசல் கண்ணாடியில ஒட்டி வைப்பேன், அதை பார்த்துட்டு தான் நிறைய பசங்க உள்ள வந்து "அக்கா, ஒரு பயோடேட்டா அடிச்சு குடுங்க"ன்னு கேப்பாங்க. அந்த விஷயமா தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டாம போட்டீங்கன்னா எங்க ஏரியா பசங்களுக்கு உதவியா இருக்கும்.

எங்க சின்னம்மா பையன் ஒருத்தன், மணலி பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பற கான்ட்ராக்டர் கிட்ட சூப்பர்வைசரா இருக்கான். போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் ரயில்வே கேட் போட்டுட்டாங்க, கொருக்குப்பேட்டை கேட் பத்தி உங்களுக்கே தெரியும், ஒரு கூட்ஸ் போனா பின்னாடியே இன்னொண்ணு வரும், அவன் பைக்க ஓரமா நிறுத்திட்டு கடைக்கு வந்து நின்னுக்கிட்டே போனை எடுத்து தள்ளிக்கிட்டு இருந்தான். என்னடா பாக்குறன்னு கேட்டேன். "பயோடேட்டாக்கா, காலையில இருந்து வாட்ஸ்அப்ல 40க்கு மேல வந்திருக்கு, கேட் திறக்கறதுக்குள்ள ஒரு அஞ்சு பேரையாவது எடுத்து வைக்கணும்"ன்னான். நான் எட்டி பார்த்தேன். அப்போ அவன் கையில ஓடிக்கிட்டு இருந்தது நான் அடிச்ச பயோடேட்டா. சுத்தி டிசைன் பார்டர், மேல வலது பக்கம் போட்டோ, நடுவுல கட்டம் கட்டமா படிப்பு டேபிள், எனக்கு பார்த்த உடனே தெரிஞ்சிடுச்சு. பேப்பர்ல எடுத்தா அவ்ளோ லட்சணமா இருக்கும் சார், போன்ல எறும்பு வரிசை மாதிரி இருந்துச்சு. ரெண்டு விரலை வச்சு பெருசாக்கினான், பாதி வரி ஸ்க்ரீனுக்கு வெளிய போயிடுச்சு, இந்த பக்கம் இழுத்தான், அந்த பக்கம் இழுத்தான், அப்புறம் அடுத்த ஆளுக்கு போயிட்டான். அவ்ளோதான், பத்து செகண்டு கூட இருக்காது.

அந்த பயோடேட்டா எங்க பின் தெரு பொண்ணோடது, பி.காம் முடிச்ச புள்ள, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் நல்லா தெரியும், ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு வருஷம் ஜிஎஸ்டி பில் என்ட்ரி போட்டிருக்கு. அடுத்த வாரம் தம்பி வந்தப்போ பேச்சு வாக்குல சொல்றான், "டேலி தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கிடைச்சா போதும்னு தேடினோம்க்கா, கடைசியில அம்பத்தூர்ல இருந்து ஒருத்தரை எடுத்தோம்". எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு சார். டேலின்னு நான் அடிச்சிருந்தேன், ஆனா ரெண்டாவது பக்கத்துல கீழ, பொழுதுபோக்குக்கு மேல ஒரு வரியில அடிச்சிருந்தேன். மொத பக்கம் பூரா என்ன இருந்துச்சுன்னா, கெரியர் அப்ஜெக்டிவ்னு நாலு வரி, அது எல்லார் பயோடேட்டாலயும் இருக்கற அதே நாலு வரி, அப்புறம் அந்த டேபிள்.

அன்னைக்கு ராத்திரி ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்தேன். ஏ4 பேப்பர் அகலம் 210 மில்லிமீட்டர், என் போன் ஸ்க்ரீன் அகலம் 68 மில்லிமீட்டர், மூணுல ஒரு பங்கு கூட வரல. அப்போ நான் 12 சைஸ்ல அடிக்கிற எழுத்து போன்ல 4 சைஸ்க்கும் கீழ தான் தெரியும். உங்க பேப்பரை பக்கத்துல வச்சு பார்த்தேன், அந்த எழுத்துல பாதி கூட இல்ல. பிடிஎஃப்ல எழுத்து அடிச்ச இடத்துலயே தான் நிக்கும், ஸ்க்ரீனுக்கு தகுந்த மாதிரி வரி மடங்கி வராது, அதனால தான் தம்பி இப்படியும் அப்படியும் இழுத்துக்கிட்டு இருந்தான்.

இப்போ நான் வேற மாதிரி பண்றேன். போனுக்கு அனுப்பற காபிக்கு பேஜ் சைஸை ஏ5ன்னு மாத்திடறேன், அது ஏ4ல பாதி, அகலம் 148 மில்லிமீட்டர் தான், எழுத்து 14 சைஸ், அப்போ போன்ல 6 சைஸ்க்கு மேல வருது, விரல் வச்சு பெருசாக்காமலே படிக்க முடியுது. டேபிளை அடியோட விட்டுட்டேன். படிப்பு, வருஷம், மார்க்குனு ஒவ்வொண்ணும் ஒரே வரி, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு. பார்டர் கிடையாது. இன்டர்வியூக்கு கையில எடுத்துட்டு போறதுக்கு ஏ4ல தனியா ஒண்ணு அடிச்சு தர்றேன், அதுக்கு ஃபைல் வேற, இதுக்கு ஃபைல் வேற.

அத விட முக்கியம் மொத ஸ்க்ரீன்ல என்ன வருதுங்கறது தான். திறந்த உடனே கண்ணுல படற அந்த இடத்துல பேரு, போன் நம்பர், எந்த வேலைக்கு, கையில என்ன தொழில் இருக்கு, எந்த ஏரியா, இது அஞ்சும் வந்துடணும்னு வச்சிருக்கேன். ஒரு வெல்டர் அண்ணன் வந்தாரு, ஐடிஐ முடிச்சு பல வருஷம் அனுபவம், பைப்புல 6ஜி டெஸ்ட் பாஸ் பண்ணவரு. போன் சிக்னல் 5ஜின்னு சொல்றோமே அந்த ஜி இல்ல சார் இது, பைப்பை 45 டிகிரி சாய்ச்சு அசையாம நிறுத்திட்டு சுத்தி வெல்டு அடிக்கணும், கஷ்டமான டெஸ்ட், ரிஃபைனரி மாதிரி இடத்துல வேலை பாக்குறவங்க மொதல்ல தேடறதே அதை தான். அவரோட பழைய பயோடேட்டாவுல அது எங்கயோ அடியில "இதர தகுதிகள்"னு இருந்துச்சு, மேல அப்பா பேரு, மதம், தேசம், திருமணம் ஆனவரான்னு ஒரு வரிசை. நான் பேருக்கு கீழயே "பைப் வெல்டர், 6ஜி"ன்னு போல்டுல போட்டேன். அவரே போனை கையில வாங்கி ரெண்டு தடவ படிச்சு பார்த்துட்டு, இதுல தான்மா நான் யாருன்னு தெரியுதுன்னாரு.

ஏரியா விஷயத்துல ஒண்ணு மனசுல ரொம்ப நாளா இருக்கு. நிறைய பசங்க "அக்கா வியாசர்பாடின்னு போடாதீங்க, பெரம்பூர்னு போடுங்க, புளியந்தோப்புன்னு போட்டா கூப்பிட மாட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. ஊரை மறைச்சு தான் வேலை தேடணும்னு புள்ளைங்க நினைக்கிற அளவுக்கு யாரோ இவங்களை நடத்தியிருக்காங்க, கேக்கும்போதெல்லாம் கஷ்டமா இருக்கும். ஆனா மணலி, எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட்டுக்கு வர்றதுக்கு கிட்ட இருக்கற ஆள் தான் வேணும், ராத்திரி 10 மணி ஷிப்ட்டுக்கு தாம்பரத்துல இருந்து வர முடியுமா. அதனால நான் இப்போ தைரியமா மொத வரியிலயே போடறேன், "வியாசர்பாடி, சென்னை-39, நைட் ஷிப்ட் வர முடியும்"னு. கதவு நம்பர், தெரு பேரு, ஆதார் நம்பர் எதுவும் வேண்டாம், ஏன்னா இந்த ஃபைல் எந்தெந்த குரூப்புக்கு ஃபார்வர்டு ஆகுதுன்னு யாருக்கும் தெரியாது, பொம்பளை புள்ளைங்களோடது இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சேர்ற அன்னைக்கு ஆதார் கேப்பாங்க, அப்போ காட்டினா போச்சு.

அனுப்பற விதத்துலயும் தப்பு நடக்குது. பிரிண்ட் எடுத்த பயோடேட்டாவ போன்ல போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க, கை நிழல் வேற விழுந்திருக்கும், வாட்ஸ்அப் படத்தை அமுக்கி சின்னதாக்கிடும், பெருசாக்கினா எழுத்து கலைஞ்சு போகும். பிடிஎஃப்ல போன் நம்பர் எழுத்தா இருந்தா அமுக்கி பிடிச்சு காபி எடுத்துக்கலாம், நிறைய போன்ல தொட்டாலே கால் போகும், போட்டோவா இருந்தா பாக்குறவங்க நம்பரை ஒவ்வொண்ணா பார்த்து அடிக்கணும், கேட்ல நின்னுக்கிட்டு இருக்கறவன் அதெல்லாம் பண்ணுவானா. வேர்டு ஃபைலாவும் அனுப்பாதீங்க, கடை கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபான்ட் அவங்க போன்ல இருக்காது. தமிழ்ல அடிச்ச அப்ளிகேஷன்னா இன்னும் மோசம், பாமினி, வானவில் ஃபான்ட்ல அடிச்ச வேர்டு ஃபைலை போன்ல திறந்தா தமிழே இருக்காது, சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா கொட்டி கிடக்கும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை, அதாவது எந்த போன்லயும் தமிழ் தமிழாவே தெரியற எழுத்து முறையை, தரம்னு அறிவிச்சாச்சு, இன்னும் நம்ம டிடிபி கடைகள்ல பாதி பேரு பழைய ஃபான்ட்டை விடல, நானும் அஞ்சு வருஷம் முன்னாடி தான் மாறினேன்.

ஃபைல் பேரும் அப்படித்தான். "பயோடேட்டா நியூ ஃபைனல் 2"ன்னு அனுப்பறாங்க, இல்ல வாட்ஸ்அப்பே வச்ச நம்பர் பேரோட அனுப்பறாங்க, சாயங்காலம் திரும்ப தேடும்போது அந்த 40 பேர்ல எது யாரோடதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது. பேரு, வேலை, ஏரியா, மூணையும் ஃபைல் பேராவே வச்சிடுங்க.

இப்போ கடையில யாருக்கு அடிச்சாலும் காசு வாங்கறதுக்கு முன்னாடி அவங்க போனுக்கே அனுப்பி, கடைக்கு வெளிய வெயில்ல போய் நின்னு திறந்து பாருங்கன்னு சொல்றேன், விரல் வைக்காம உங்க பேரும் தொழிலும் நம்பரும் படிக்க முடியுதான்னு. முடியலன்னா உள்ள வந்தா மாத்தி தர்றேன்.

நான் ஒரு கடைக்காரி சொல்லி எத்தனை பேருக்கு போய் சேரும் சார். உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல ஒரு நாள் போன் ஸ்க்ரீன் அளவுக்கு ஒரு மாதிரி பயோடேட்டா போடுங்க, காலேஜ்லயும் ஐடிஐலயும் பசங்களுக்கு இன்னும் அந்த டேபிள் போட்ட பழைய மாடலை தான் குடுத்து அனுப்பறாங்க, உங்க பேப்பர்ல வந்தா அவங்களும் மாத்துவாங்க. அப்புறம் "பயோடேட்டாவ வாட்ஸ்அப்பில் அனுப்பவும்"னு விளம்பரம் தர்ற கம்பெனிகள் கிட்ட, போட்டோவா பிடிஎஃப்பா எது வேணும்னு ஒரு வார்த்தை சேர்த்து போட சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு விளம்பர காசு நீங்க வாங்காம இருந்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வச்சிருக்கும் ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, வடசென்னை.